"நான் ஏமாற்றினேனா, அப்பா?": பேஸ்பால் இடையூறு விதி பற்றி ஒரு தந்தைக்குப் பதில்

வாசகரின் கடிதம்

அமெரிக்காவில், நியூஜெர்சியில் குடும்பத்துடன் வசிக்கும் தந்தை ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன். கல்லூரி நாட்களில் மதுரையில் லீக் கிரிக்கெட் ஆடியவர் இவர். 11 வயது மகன் இரண்டு ஆண்டுகளாக லிட்டில் லீக் என்னும் சிறுவர் பேஸ்பால் ஆடுகிறான். சென்ற மாதம் ஓர் ஆட்டத்தில் கடைசி இன்னிங்ஸ், இரண்டு அவுட், மகனின் அணி ஒரு ரன் பின்தங்கியிருந்தது. பேஸ்பாலில் ஓடுபவர், அதாவது ரன்னர், முதல், இரண்டாம், மூன்றாம் பேஸ்களை வரிசையாகத் தொட்டு ஹோம் பேஸுக்கு வந்தால் ஒரு ரன். மகன் இரண்டாம் பேஸில் நின்றான். பேட்டர் அடித்த பந்து தரையோடு உருண்டு, இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே ஷார்ட்ஸ்டாப் நிலையில் நின்ற பையனை நோக்கிப் போனது. மகன் மூன்றாம் பேஸை நோக்கி நேராக ஓடினான். பந்தை எடுக்கக் குனிந்த பையனும் இவனும் மோதிக்கொண்டார்கள். பந்து இருவரையும் தாண்டி வெளிக்களத்துக்குப் போய்விட்டது. மகன் எழுந்து ஓடி ஹோம் பேஸைத் தொட்டுவிட்டான். ஆட்டம் சமன் என்று பெற்றோர்கள் துள்ளிக் குதித்த நேரத்தில், நடுவர் ஆட்டத்தை நிறுத்தி, ரன்னர் இடையூறு செய்தார் என்று அவுட் கொடுத்தார். ஆட்டம் முடிந்தது. அந்த சீசனும் அதோடு முடிந்தது.

"என் மகன் தன் பாதையில்தான் ஓடினான். பாதையை விட்டு விலகினால் அவுட் ஆகிவிடுவாய், எவன் வந்தாலும் விலகாதே என்று நான்தான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தேன். அவன் வேண்டுமென்று இடிக்கவில்லை என்பது வீடியோவில் தெளிவாகத் தெரிகிறது. எப்படியும் அந்தப் பையன் பந்தைத் தவறவிட்டிருப்பான். கிரிக்கெட்டில் வேண்டுமென்றே தடுத்தால்தான் அவுட். எண்ணமே இல்லாத குழந்தையைத் தண்டிப்பது என்ன நியாயம்?" என்று கேட்கிறார். நடுவர் பாரபட்சம் காட்டினாரோ என்ற சந்தேகமும் இருக்கிறது. லீக் மீது வழக்குப் போட முடியுமா, வீடியோவை நடுவரின் பெயரோடு பெற்றோர் குழுவில் பகிரலாமா என்றும் கேட்டிருக்கிறார். கடிதத்தின் கடைசியில் ஒரே ஒரு வரி: "அன்று இரவு அவன் என்னிடம், நான் ஏமாற்றினேனா அப்பா என்று கேட்டான். அதன் பிறகு மட்டையைத் தொடவில்லை."

பதில்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடைசி வரியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். உங்கள் மகன் ஏமாற்றவில்லை. அவன் ஏமாற்றினான் என்று நடுவரும் சொல்லவில்லை. அந்த விதியில் அப்படிச் சொல்வதற்கு இடமே கிடையாது. இதை இன்று இரவே அவனிடம் சொல்லுங்கள். காரணம் சொல்லாத ஆறுதல் 11 வயதுப் பையனின் மனதில் ஒட்டாது. அதனால் காரணத்தையும் விரிவாகவே எழுதுகிறேன்.

நான் தொழிலால் வழக்கறிஞர். பல ஆண்டுகளாக வார இறுதிகளில் சிறுவர் பேஸ்பால் ஆட்டங்களுக்கு நடுவராகவும் நிற்கிறேன். நீதிமன்றத்திலும் மைதானத்திலும் நான் திரும்பத் திரும்பக் காணும் குழப்பம் ஒன்றுதான். பொறுப்பு வேறு, குற்றம் வேறு. ஒருவர் மீது பொறுப்பு விழுந்த உடனேயே அவரைக் குற்றவாளி என்று நினைத்துவிடுகிறோம். அந்தக் குழப்பம்தான் இப்போது உங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

இரண்டு சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். பேட் செய்யும் அணியைச் சேர்ந்தவர், பந்தை எடுக்க முயலும் ஃபீல்டருக்குத் தொந்தரவாக அமைந்தால் அதை இன்டர்ஃபியரன்ஸ் என்கிறார்கள். இங்கே இடையூறு என்றே எழுதுகிறேன். கையில் பந்து இல்லாத ஃபீல்டர், பந்தை எடுக்கும் முயற்சியிலும் இல்லாமல், ஓடும் ரன்னரின் வழியில் நின்றால் அது ஆப்ஸ்ட்ரக்‌ஷன், அதாவது வழிமறிப்பு. தொலைக்காட்சி வர்ணனையாளர்களே இரண்டையும் மாற்றிச் சொல்வதுண்டு. ஆனால் இவை ஒரே தராசின் இரண்டு தட்டுகள். ஒன்றை மட்டும் பார்த்தால் விதி அநியாயமாகத்தான் தோன்றும்.

பாதை யாருக்குச் சொந்தம்?

உங்கள் வாதம் முழுவதும் ஒரு நம்பிக்கையின் மேல் நிற்கிறது: இரண்டு பேஸ்களுக்கு இடையிலான நேர்கோடு ரன்னருக்குச் சொந்தம் என்பது. பேஸ்பால் பார்க்கும் பெற்றோரில் பெரும்பாலோர் இப்படித்தான் நம்புகிறார்கள். உள்ளூரில் பிறந்து வளர்ந்தவர்களும் இதற்கு விலக்கல்ல. ஆனால் அது சரியல்ல.

அடிக்கப்பட்ட பந்தை எடுக்க முயலும் ஃபீல்டருக்கே முன்னுரிமை. அவர் எங்கே நின்றாலும், ரன்னரின் கோட்டின் நடுவிலேயே நின்றாலும், ரன்னர்தான் சுற்றிப் போக வேண்டும். தொழில்முறை பேஸ்பாலான மேஜர் லீகின் விதிப்புத்தகம் இதை ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறது: அடிக்கப்பட்ட பந்தை எடுக்கும் ஃபீல்டருக்கு ரன்னர் தடையாக இருந்தார் என்று நடுவர் கருதினால், வேண்டுமென்று செய்தாலும் செய்யாவிட்டாலும் ரன்னர் அவுட். லிட்டில் லீகிலும் இதே நிலைதான்.

அடுத்தது உங்களுக்கு வருத்தம் தரக்கூடியது. சொல்லாமல் விடவும் முடியாது. "பாதையை விட்டு விலகினால் அவுட்" என்று மகனுக்கு நீங்கள் சொல்லிக்கொடுத்தது தவறு. பந்தை வைத்திருப்பவர் தொட வரும்போது, அவரிடமிருந்து தப்பிக்க மூன்று அடிக்கு மேல் விலகி ஓடினால்தான் அவுட். அடிக்கப்பட்ட பந்தை எடுத்துக்கொண்டிருக்கும் ஃபீல்டர் மீது மோதாமல் இருப்பதற்காக எவ்வளவு விலகி ஓடினாலும் அவுட் இல்லை. அந்த விலக்கு அதே விதியின் அதே வாக்கியத்தில் எழுதப்பட்டிருக்கிறது. உங்கள் மகன் ஷார்ட்ஸ்டாப் பையனின் முதுகுக்குப் பின்னால் வளைந்து ஓடியிருந்தால் யாரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்க முடியாது. அவன் விலகாமல் ஓடியதற்குக் காரணம் முரட்டுத்தனம் இல்லை. அப்பா சொன்னதைக் கேட்டான்.

இந்த முன்னுரிமை எதற்கு? ஷார்ட்ஸ்டாப் பையனின் இடத்தில் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். தரையில் துள்ளி வரும் பந்திலிருந்து கண்ணை எடுக்க அவனால் முடியாது. எடுத்தால் பந்து முகத்தில்தான் படும். குனிந்திருக்கிறான், கவனம் முழுவதும் கீழே இருக்கிறது, பக்கவாட்டில் யார் ஓடி வருகிறார்கள் என்பது தெரியாது. ஓடி வருபவனுக்கோ எல்லாமே கண்ணெதிரே தெரிகிறது. தலையில் தண்ணீர்க்குடம் சுமந்து குறுகிய சந்தில் வரும் பெண்ணுக்கு, கையை வீசிக்கொண்டு வருபவர்தானே ஒதுங்குகிறார்? அந்தப் பெண் எந்தப் பக்கமாக நடக்கிறார் என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. யாருக்கு விலகுவது எளிதோ அவர் மீது விலகும் பொறுப்பை வைக்கிறோம். சட்டத்திலும் இதே சிந்தனை உண்டு. இந்திய மோட்டார் வாகனச் சட்டத்தில், தவறு யாருடையது என்று நிரூபிக்காமலேயே இழப்பீடு தரும் பிரிவு இருப்பதை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். அங்கே பணம் கொடுப்பவரை யாரும் கெட்டவர் என்று சொல்வதில்லை.

தராசின் மறுதட்டையும் பாருங்கள். பந்தைப் பிடிக்கத் தாவிய ஃபீல்டரை ஏமாற்றிவிட்டுப் பந்து தாண்டிப் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் இன்னும் தரையில் கிடக்கிறார், ரன்னர் அவர் மீது இடறி விழுகிறார். அந்த நொடியில் முன்னுரிமை கைமாறிவிடுகிறது; தரையில் கிடப்பவர் வழிமறித்தவர் ஆகிறார். அங்கேயும் எண்ணத்தை யாரும் கேட்பதில்லை. மேஜர் லீகின் இறுதிப் போட்டியான உலகத் தொடர், 2013, மூன்றாவது ஆட்டம், அக்டோபர் 26, செயின்ட் லூயிஸ். ஒன்பதாவது இன்னிங்ஸில் 4-4. ஹோம் பேஸுக்குப் பின்னால் நிற்கும் பாஸ்டன் கேட்சர் மூன்றாம் பேஸுக்கு எறிந்த பந்து விலகி இடது வெளிக்களத்துக்குப் போனது. அதைப் பிடிக்கத் தாவிய வில் மிடில்புரூக்ஸ் தரையில் கிடந்தார். ஹோமை நோக்கி எழுந்து ஓடிய ஆலன் கிரெய்க் அவர் மீது தடுக்கி விழுந்தார். பிறகு தட்டுத் தடுமாறி ஓடிவந்த கிரெய்க் ஹோமில் பந்தால் தொடப்பட்டுவிட்டார். ஆனாலும் மூன்றாம் பேஸ் நடுவர் ஜிம் ஜாய்ஸ் வழிமறிப்பு என்று அறிவித்திருந்ததால் ரன் கொடுக்கப்பட்டது. செயின்ட் லூயிஸ் அணியான கார்டினல்ஸ் 5-4 என்று வென்றது. மிடில்புரூக்ஸ் வேண்டுமென்று கிடக்கவில்லை. அவரால் மாயமாக மறையவும் முடியாது. உலகத் தொடர் ஆட்டம் ஒன்றே அவர் எண்ணத்தைப் பாராமல் முடிந்தது. உங்கள் மகன் மீது விழுந்த அதே அளவுகோல்தான், எதிர்ப்பக்கத்தில்.

ஜடேஜாவும் உங்கள் மகனும்

கிரிக்கெட் ஆடியவர் என்பதால் உங்கள் மனம் எண்ணத்தைத் தேடுவது எனக்குப் புரிகிறது. கிரிக்கெட்டின் 37-ஆவது விதியின் அடித்தளமே "வேண்டுமென்றே" என்ற சொல்தான். 2024 மே 12 அன்று சேப்பாக்கத்தில் ராஜஸ்தானுக்கு எதிரான ஆட்டத்தில் ரவீந்திர ஜடேஜா களத்தடுப்புக்கு இடையூறு செய்ததாக அவுட் ஆனது நினைவிருக்கும். இரண்டாவது ரன்னுக்கு ஓடிப் பாதியில் திரும்பிய அவர் மீது, சஞ்சு சாம்சன் எறிந்த பந்து பட்டது. ஓடும் கோட்டை மாற்றிப் பந்துக்கும் ஸ்டம்புக்கும் நடுவே வந்தார் என்று மூன்றாம் நடுவர் முடிவு செய்தார். அந்தத் தீர்ப்பின் உட்பொருள் என்ன? ஜடேஜா தெரிந்தே செய்தார் என்பதுதான். கிரிக்கெட்டில் இந்த வகையில் அவுட் ஆவது ஒரு குற்றச்சாட்டைச் சுமப்பதும்கூட. அதனால்தான் அந்த அவுட் இன்னும் பேசப்படுகிறது.

உங்கள் மகன் ஓடும் கோட்டை மாற்றவில்லை, அதனால் குற்றமற்றவன் என்று எழுதியிருக்கிறீர்கள். கிரிக்கெட் கணக்குப்படி அது சரி. பேஸ்பாலில் கணக்கு தலைகீழ். அங்கே கோட்டை மாற்றாததுதான் பிரச்சினை. ஆனால் அதே காரணத்தால் அந்த அவுட்டில் குற்றச்சாட்டும் இல்லை.

இரண்டு ஆட்டங்களும் ஏன் இப்படி வேறுபடுகின்றன என்று நான் வெகுநாள் யோசித்திருக்கிறேன். கிரிக்கெட்டில் ஓட்டம் முழுவதும் 22 கஜப் பிட்ச்சுக்குள் நடக்கிறது. பந்து வீசுபவரைத் தவிர ஃபீல்டர்கள் பெரும்பாலும் அங்கே இருப்பதில்லை, மோதல் அபூர்வம். அபூர்வமாக நடப்பதற்கு எண்ணத்தை விசாரிக்க நேரம் உண்டு. பேஸ்பாலில் ரன்னர் ஓடும் வழியும் உள்களத்து ஃபீல்டர்கள் பந்தெடுக்க ஓடிவரும் இடமும் ஒன்றின் மேல் ஒன்றாகப் படிந்திருக்கின்றன. லிட்டில் லீகில் பேஸ்களுக்கு இடையே 60 அடிதான். ஒவ்வோர் ஆட்டத்திலும் இப்படிச் சந்திப்பார்கள். ஒவ்வொரு முறையும் ஒரு சிறுவனின் மனதுக்குள் புகுந்து "நீ வேண்டுமென்று செய்தாயா" என்று நடுவர் கேட்க ஆரம்பித்தால், ஒவ்வொரு தீர்ப்பும் ஒரு குழந்தையின் நேர்மைக்குத் தரும் சான்றிதழாகிவிடும். எனக்கு அந்த அதிகாரம் வேண்டாம். எந்த நடுவருக்கும் அது வேண்டாம் என்றே நினைக்கிறேன்.

எண்ணத்தை பேஸ்பால் முற்றிலும் மறந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. ஏமாற்றுபவர்களுக்காகத் தனிக் கதவு இருக்கிறது. 1957 ஏப்ரலில் மில்வாக்கி அணிக்கு எதிரான ஆட்டத்தில், சின்சினாட்டியின் டான் ஹோக் இரண்டாம் பேஸிலிருந்து ஓடும்போது, உருண்டு வந்த பந்தைத் தானே கையால் எடுத்து எதிரணி ஷார்ட்ஸ்டாப்பிடம் எறிந்துவிட்டார். பந்து பட்டால் ரன்னர் மட்டும்தான் அவுட். பந்தை ஃபீல்டர் எடுத்திருந்தால் இரண்டு பேர் அவுட் ஆகியிருப்பார்கள். ஒருவரைப் பலிகொடுத்து இன்னொருவரைக் காப்பாற்றும் தந்திரம் அது. சில நாட்களிலேயே மேஜர் லீகின் இரு லீக்குகளின் தலைவர்களும் சேர்ந்து ஓட்டையை அடைத்தார்கள்: இரட்டை அவுட்டைக் கெடுக்க வேண்டுமென்றே பந்தில் குறுக்கிட்டால் ரன்னரும் பேட்டரும் சேர்ந்தே அவுட். எண்ணம் இல்லாவிட்டால் ஓர் அவுட், எண்ணம் நிரூபணமானால் இரண்டு. எறியப்பட்ட பந்துக்கும் கணக்கு வேறு. ஃபீல்டர் எறிந்த பந்து ஓடும்போது தற்செயலாக முதுகில் பட்டால் ரன்னர் பொதுவாக அவுட் இல்லை. வேண்டுமென்று குறுக்கிட்டால்தான் அவுட். 2004 அக்டோபர் 19 அன்று யாங்கீஸ் வீரர் அலெக்ஸ் ரோட்ரிகஸ், பாஸ்டனின் பந்து வீசுபவரான (பிட்சர்) பிரான்சன் அரோயோவின் கையுறையிலிருந்த பந்தைத் தட்டிவிட்டு அவுட் ஆனாரே, அதுதான் எண்ணத்தோடு செய்யப்படும் இடையூறு. உங்கள் மகனின் பெயர் அந்த வரிசையில் வரவே வராது.

எனக்கும் உறுத்தும் இடங்கள்

விதி எல்லா இடத்திலும் நியாயமானது என்று சொன்னால் அது நேர்மையாக இருக்காது. ஜடேஜா அவுட் ஆன அதே மாதம், மே 23 அன்று, சிகாகோவில் நடந்ததைப் பாருங்கள். ஒன்பதாவது இன்னிங்ஸ், சிகாகோ அணியான ஒயிட் சாக்ஸ் 8-6 என்று பின்தங்கியிருந்தாலும் எழுந்து வந்துகொண்டிருந்தது. முதல் இரண்டு பேஸ்களிலும் ரன்னர்கள், ஓர் அவுட். பேட்டர் அடித்த பந்து உள்களத்தில் உயரமாக எழும்பியது. எளிதில் பிடிக்கக்கூடிய பந்தை வேண்டுமென்றே தவறவிட்டு இரட்டை அவுட் எடுப்பதைத் தடுக்கும் உள்களப் பறப்பு விதிப்படி பேட்டர் அப்போதே அவுட். இரண்டாம் பேஸுக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஆண்ட்ரூ வான், பந்தைப் பிடிக்க வந்த ஷார்ட்ஸ்டாப் கன்னர் ஹென்டர்சனின் வழியில் இருந்தார் என்று அவரும் அவுட். ஹென்டர்சன் பந்தைப் பிடித்தும்விட்டார்! யாருக்கும் நஷ்டமில்லாத ஒரு நெருக்கத்துக்காக ஆட்டமே முடிந்தது. இங்கே விதி தன் நோக்கத்தைத் தாண்டிப் போய்விட்டது என்பது என் கருத்து. எண்ணத்தைக் கேட்காதது சரிதான். ஆனால் பாதிப்பு சிறியதா பெரியதா என்பதையும் கேட்காமல் ஒரே தண்டனை கொடுப்பது சரியில்லை. வழிமறிப்புக்கு நடுவர் இழந்த பேஸைத் திருப்பித் தருகிறார். இடையூறுக்கு அவுட்டைத் தவிர வேறு படியே கிடையாது.

முதல் பேஸுக்கு ஓடும் வழியில் நீண்ட காலம் இன்னொரு அநியாயம் இருந்தது. ஓட்டத்தின் கடைசிப் பாதியில் ரன்னர் கோட்டுக்கு வெளியே மூன்று அடி அகலப் பட்டைக்குள் ஓட வேண்டியிருந்தது. ஆனால் தொட வேண்டிய பேஸோ கோட்டுக்கு உள்ளே இருக்கிறது. வலது கை பேட்டர் நேராக ஓடினாலே விதியை மீறியவர் ஆனார். 2019 உலகத் தொடரின் ஆறாவது ஆட்டத்தில் ட்ரே டர்னர் அப்படித்தான் அவுட் ஆனார்; அவருடைய மேலாளர் டேவ் மார்ட்டினெஸ் கொதித்து வாதாடி வெளியேற்றப்பட்டார். மேஜர் லீக் 2024-இல் அந்தப் பட்டையை உள்பக்கப் புல்தரை வரை அகலப்படுத்தியது. நியாயமான குறை நியாயமான வழியில் போனால் விதி மாறும் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். நாளாகும், அவ்வளவுதான்.

உங்கள் வீடியோவில் பார்க்க வேண்டியது

வீடியோவை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். உங்கள் மகன் வேண்டுமென்று மோதினானா என்பதைத் தேடாதீர்கள், அது இங்கே பயன்படாது. இவற்றைப் பாருங்கள்:

- மோதல் நடந்த நொடியில் பந்து எங்கே இருந்தது? ஷார்ட்ஸ்டாப் பையனை வந்து சேருவதற்கு முன்பு மோதல் என்றால் நடுவர் சொன்னது சரி. பந்து அவனைத் தாண்டிய பிறகு மோதல் என்றால், அது வழிமறிப்பாக இருந்திருக்கலாம்.
- பந்தை எடுக்க வேறு யாராவது வந்தார்களா? இரண்டு பேர் முயன்றால், யாருக்கு முன்னுரிமை என்று நடுவர் ஒருவரை மட்டுமே தேர்ந்தெடுக்க வேண்டும். மற்றவர் மீது மோதியதற்கு அவுட் இல்லை.
- மகனின் கால் அப்போது இரண்டாம் பேஸின் மேல் இருந்ததா? தனக்கு உரிய பேஸைத் தொட்டுக்கொண்டு நிற்பவர், வேண்டுமென்று செய்தால் தவிர, அவுட் ஆவதில்லை. நீங்கள் விவரித்தபடி அவன் ஓடத் தொடங்கிவிட்டான், அதனால் இது பொருந்தாது என்று நினைக்கிறேன். இருந்தாலும் அவன் தெரிந்து வைத்திருக்கட்டும்.

நீங்கள் எழுதியதை மட்டும் வைத்துப் பார்த்தால், பந்தை எடுக்கக் குனிந்துகொண்டிருந்தபோதுதான் மோதல். பந்து பிறகுதான் இருவரையும் தாண்டியது. நடுவர் சரியாகவே சொல்லியிருக்கிறார் என்பது என் கணிப்பு. "எப்படியும் அவன் பந்தைத் தவறவிட்டிருப்பான்" என்ற உங்கள் வாதமும் எடுபடாது. அவுட் ஆகியிருக்குமா என்று விதி கேட்பதில்லை. எடுக்கும் வாய்ப்பு கெட்டதா என்று மட்டும்தான் கேட்கிறது.

முறையீடு, வழக்கு, பகிர்வு

லிட்டில் லீகில் முறையீட்டுக்கு வழி உண்டு, ஆனால் குறுகலான வழி. அணியின் மேலாளர் மட்டுமே, அடுத்த பந்து வீசப்படுவதற்கு முன்பே, அந்த இடத்திலேயே நடுவரிடம் சொல்ல வேண்டும். விதியைத் தவறாகப் பயன்படுத்தினார் என்றால்தான் ஏற்பார்கள். கண்ணால் பார்த்து எடுத்த முடிவு தவறு என்பதற்கு முறையீடு இல்லை. நடுவர் அன்று, "பந்து தாண்டிய பிறகு மோதியிருந்தாலும் அவுட்தான்" என்பது போல ஏதாவது காரணம் சொல்லியிருந்தால் விவாதிக்க இடம் இருந்திருக்கும். "ஃபீல்டருக்கு இடையூறு" என்று மட்டும் சொன்னார் என்றால் அது கண்ணின் தீர்ப்பு. அந்த வாசல் அன்றே மூடிவிட்டது.

1996 அக்டோபர் 9 அன்று யாங்கீஸ் மைதானத்தில், வேலிக்கு மேல் கையை நீட்டிய 12 வயதுச் சிறுவன் ஒருவன் டெரெக் ஜீட்டர் அடித்த பந்தைத் தன் பக்கம் இழுத்துவிட்டான். நடுவர் ரிச் கார்சியா ஹோம் ரன் கொடுத்தார். ஆட்டத்துக்குப் பிறகு மறுஒளிபரப்பைப் பார்த்து, அது ஹோம் ரன் இல்லை என்று அவரே ஒப்புக்கொண்டார். எதிரணியான ஓரியோல்ஸ் முறையிட்டது. கண்ணின் தீர்ப்பு என்பதால் லீக் தலைவர் நிராகரித்தார். நடுவரே தவறை ஒப்புக்கொண்ட ஆட்டத்தின் கதி அது.

நீதிமன்றத்தை மறந்துவிடுங்கள். இதை உங்களிடம் கட்டணம் வாங்கக்கூடிய தொழிலில் இருப்பவனாகச் சொல்கிறேன். 1981-இல் ஜார்ஜியா மாநிலத்தில், பள்ளி அமெரிக்க ஃபுட்பால் ஆட்டத்தில் நடுவர் விதியைத் தவறாகப் பயன்படுத்தியது தெளிவாகத் தெரிந்தும், ஆட்டத்தைத் திரும்ப நடத்தச் சொன்ன கீழ் நீதிமன்ற உத்தரவை மாநில உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. நடுவரின் தீர்ப்பை நீதிமன்றம் மறுபரிசீலனை செய்யாது என்பது அதன் நிலை. 1984-இல் அயோவா மேல்முறையீட்டு நீதிமன்றமும், தவறான தீர்ப்பால் தங்களுக்கு நஷ்டம் என்று கூடைப்பந்து நடுவர் ஜிம் பெய்ன் மீது எதிர்வழக்குத் தொடர்ந்தவர்களைத் திருப்பி அனுப்பியது. உங்கள் வழக்கு தொடக்கத்திலேயே தள்ளுபடியாகும். அதற்குள் பணம் போகும்; மகனின் பெயரும் ஊருக்குள் அடிபடும்.

பாரபட்சம் பற்றி. உங்கள் சந்தேகத்தை நான் ஒதுக்கித் தள்ளவில்லை. நம் குழந்தைகள் வேறு மாதிரி நடத்தப்படும் மைதானங்கள் இருக்கின்றன. அந்த நடுவர் இனத்தையோ பெயரையோ குறித்து ஏதாவது சொன்னார் என்றாலும், ஒரே மாதிரியான மோதலுக்கு எதிரணிக்கு ஒரு நீதி, உங்களுக்கு ஒரு நீதி என்று பலமுறை நடந்திருந்தாலும், தேதியோடும் சாட்சிகளோடும் எழுதி லீக் நிர்வாகக் குழுவிடம் கொடுங்கள். அதற்கு நான் உதவுகிறேன். ஆனால் உங்கள் கடிதத்தில் இருப்பது ஒரே ஒரு தீர்ப்பு, அதுவும் பெரும்பாலும் சரியான தீர்ப்பு. அதை ஆதாரமாக வைத்தால், நாளை உண்மையான புகாரோடு போகும் இன்னொரு பெற்றோரையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

வீடியோவை நடுவரின் பெயரோடு பகிர வேண்டாம். சிறுவர் ஆட்டங்களில் நிற்கும் நடுவர்களில் பலர் தன்னார்வலர்கள். சிலர் பள்ளி மாணவர்களாகவே இருப்பார்கள். அந்த வீடியோவில் அடிபட்டு விழும் இன்னொரு குழந்தையும் இருக்கிறான், அவனுடைய பெற்றோரின் சம்மதம் உங்களிடம் இல்லை. ஒன்று செய்யலாம். லீகின் நடுவர் பொறுப்பாளரிடம் வீடியோவைத் தனியாகக் காட்டி, "இதில் பந்து எந்த நொடியில் தாண்டியது, முன்னுரிமை யாருக்கு?" என்று கேளுங்கள். புகாராகக் கேட்க வேண்டாம், தெரிந்துகொள்ளக் கேளுங்கள். என் ஆரம்ப ஆண்டுகளில் ஒரு தந்தை என்னிடம் இப்படி வந்து கேட்டார். வீடியோவைப் பார்த்தபோது, பந்து தாண்டிய பிறகு நடந்த மோதலுக்கு ஒரு சிறுமியை நான் அவுட் கொடுத்திருந்தேன் என்று தெரிந்தது. அந்தக் குழந்தையிடம் நேரில் போய்ச் சொன்னேன். அன்று முதல், மோதலைப் பார்ப்பதற்கு முன் பந்தைப் பார்க்கப் பழகினேன். அவர் என்னைத் திட்டியிருந்தால் எனக்குக் கோபம்தான் வந்திருக்கும், அந்தப் பழக்கம் வந்திருக்காது.

மகனிடம்

உங்கள் மகனிடம் மூன்று விஷயங்கள் சொல்ல வேண்டியிருக்கிறது, வரிசையும் முக்கியம். முதலில், அவன் ஏமாற்றவில்லை. ஹோக் செய்தது என்ன, அவன் செய்தது என்ன என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள், அவனே புரிந்துகொள்வான். பிறகு, விலகாதே என்று சொன்னது நீங்கள், அது தவறு என்று உங்கள் வாயாலேயே சொல்லுங்கள். "நடுவர் மோசம்" என்று நீங்கள் சொல்லிக்கொண்டிருக்கும் வரை, அந்த மோதலின் பாரம் அவன் தோளில்தான் இருக்கும். ஏனென்றால் தான் யார் சொல்லைக் கேட்டு நேராக ஓடினோம் என்பது அவனுக்குத் தெரியும். உங்களைக் காட்டிக்கொடுக்க மனமில்லாமல்தான் அவன் வாய்மூடி இருக்கிறானோ என்றுகூட எனக்குத் தோன்றுகிறது.

மூன்றாவதை மைதானத்தில் சொல்லுங்கள். ஒரு மாலை பூங்காவுக்குப் போய் நீங்கள் ஷார்ட்ஸ்டாப் இடத்தில் குனிந்து நில்லுங்கள். உங்கள் மனைவியோ மகனின் நண்பனோ பந்தை உருட்டட்டும். அவன் இரண்டாம் பேஸிலிருந்து ஓடி வரட்டும். பந்து அவனுக்கு முன்னால் வந்தால் உங்கள் முதுகுக்குப் பின்னால் வளைந்து போகப் பழகட்டும். வேகம் எவ்வளவு குறைகிறது என்று அவனே பார்க்கட்டும், இரண்டு மூன்று அடிகள்தான். பிறகு இடத்தை மாற்றிக்கொள்ளுங்கள். அவன் குனிந்து பந்தை எடுக்கட்டும், நீங்கள் ஓடி வாருங்கள். பந்தின் மீது கண் வைத்தபடி பக்கத்தில் ஓடி வரும் கால்களின் சத்தத்தை மட்டும் கேட்பது எப்படி இருக்கிறது என்று அவனிடம் கேளுங்கள்.

அன்று மோதிய பையனுக்கு அடிபட்டதா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. அவன் வீட்டாரின் எண் கிடைத்தால், மகனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நீங்களே பேசி விசாரியுங்கள்.